மனசின் பிராது

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘எழுதினால் மனப்பாரம் குறையுமா?’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. குறையும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். எழுதி எழுதியே பாரத்தை ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. எப்படி எழுதினால் இறங்குகிறது, எப்படி எழுதினால் ஏறுகிறது என்று பார்க்கலாம். நான் மனநல மருத்துவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர். அங்கே கொளஞ்சியப்பர் கோயில். இந்த அவையில் போய் வந்தவர்கள் இருப்பீர்கள். அங்கே ‘பிராது கட்டுதல்’ என்று ஒரு வழக்கம். கடன் வாங்கியவன் திருப்பித் தரவில்லை, நகை காணாமல் போனது, பங்காளி வரப்பை நகர்த்திவிட்டான், கட்டிக்கொடுத்த பெண்ணை வாழவிடவில்லை... எதுவானாலும் சாமிக்கு ஒரு மனுவாகத் தாளில் எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் ஆனதும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ‘ராஜினாமா’ என்று பெயர். போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போகக்கூடாது.

சாமி கேட்டதா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை. எனக்கு ஆர்வமெல்லாம் அந்தத் தாள் சாமியிடம் போய்ச் சேருவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான். பிராது கட்ட வருகிறவர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ‘என் குடியைக் கெடுத்தான், அவன் நல்லா இருப்பானா’ என்று சபித்துக்கொண்டே வந்திருப்பார். பேனாவை எடுத்ததும் அது போதாமல் போய்விடுகிறது. யார் கெடுத்தது? எவ்வளவு பணம்? எப்போது கொடுத்தது? சாட்சி உண்டா? மனு என்று வந்துவிட்டால் இதையெல்லாம் எழுதியாக வேண்டும். கடைசியில் ஒரு வரி வரும்: ஆகவே சாமி எனக்கு என்ன செய்து தர வேண்டும். அந்த வரியில் பேனா நின்றுவிடும். பணம் திரும்ப வேண்டுமா? அவன் நாசமாகப் போக வேண்டுமா? இல்லை, நாலு பேர் முன்னால் ‘ஆமாம், வாங்கினேன்’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதுமா? இந்தக் கேள்வி அதுவரை அவர் மனசில் எழுந்தே இருக்காது. சபித்துக்கொண்டிருக்கும் வரை எழவும் எழாது.

நம் ஊரில் எழுதி மனசை ஆற்றிக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. நோட்டு நோட்டாக ஸ்ரீராமஜெயம் எழுதுவது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கை ஓடும்போது மனசு ஓடாமல் நிற்கிறது, படபடப்பு அடங்குகிறது. ஆனால் ஸ்ரீராமஜெயம் உங்களிடம் எதையும் கேட்பதில்லை. பிராது கேட்கிறது. இன்றைக்கு என் பேச்சு இந்தக் கேட்கிற எழுத்தைப் பற்றியது.

இதைச் சோதனை வைத்துப் பார்த்தவர் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1980-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். பொய் கண்டுபிடிக்கும் கருவியை இயக்குபவர்களோடு பேசிப் பழகியபோது அவர்கள் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதும் ஆளுடைய உடம்பு தளர்ந்து அமைதியாகிவிடுகிறதாம். இனி ஜெயில் நிச்சயம் என்று தெரிந்த பிறகு! பணம் கையாடி மாட்டிக்கொண்ட ஒரு வங்கி அதிகாரி, தன்னை மாட்டவைத்த அந்தக் கருவிக்காரருக்கே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பினார் என்று பென்னபேக்கர் ஒரு கதை சொல்வார். மறைத்து வைப்பதே உடம்புக்கு ஒரு வேலை, ஓயாத வேலை என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்து, சாண்ட்ரா பீல் என்ற மாணவியோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். 46 கல்லூரி மாணவர்கள். தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். மாணவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, தங்கியிருக்கும் அறை, போட்டிருக்கும் ஷூ என்று ஒன்றுமில்லாத விஷயங்கள். மற்ற மூன்று பிரிவுக்கும் தலைப்பு ஒன்றுதான்: வாழ்க்கையில் பட்ட பெரிய அடி. ஆனால் ஒரு பிரிவு அப்போது பட்ட உணர்ச்சியை மட்டும் எழுத வேண்டும், நடந்தது என்ன என்று சொல்லக்கூடாது. அடுத்த பிரிவு நடந்ததை மட்டும் எழுத வேண்டும், அழுகையும் கோபமும் கூடாது. கடைசிப் பிரிவு இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும் அந்தக் கடைசிப் பிரிவினர் தெளிந்த முகத்தோடு எழுந்து போனார்களா என்றால் இல்லை. கலங்கிப் போனார்கள், ரத்த அழுத்தம்கூட ஏறியிருந்தது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எழுதின அன்றைக்கே லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலன் பின்னால் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு யார் யார் எத்தனை தடவை போனார்கள் என்ற கணக்கைப் பார்த்தால், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் குறைவாகப் போயிருந்தார்கள். 1986-இல் இது ஆய்விதழில் வந்தது. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ‘கொட்டித் தீர்த்துவிடு, சரியாகிவிடும்’ என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோமே, அந்தச் சோதனை அதற்குச் சாட்சி சொல்லவில்லை. நடந்தது இது, அதனால் நான் பட்டது இது என்று இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து வைத்தவர்களுக்கே சாட்சி சொன்னது.

அதற்குப் பிறகு எத்தனையோ சோதனைகள். 1999-இல் ஜோஷ்வா ஸ்மித்தும் அவர் குழுவினரும் ஆஸ்துமா, முடக்குவாதம் உள்ளவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள்; நான்கு மாதம் கழித்து, மனம் திறந்து எழுதியவர்களில் 100-க்கு 47 பேருக்கு நோயில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், சும்மா எழுதியவர்களில் 24 பேருக்கு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. டல்லாஸில் ஒரு கம்பெனியிலிருந்து வேலை போன என்ஜினீயர்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள், வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த ஒரே கம்பெனியில் கழித்தவர்கள். ஒரு நாள் கூப்பிட்டு, போய்வா என்று சொல்லிவிட்டார்கள். கொதிப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அவையிலேயே மில் மூடினதைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள்.

அவர்களில் ஒரு சாராரை, வேலை போனதைப் பற்றி மனம் திறந்து எழுதச் சொன்னார்கள். இன்னொரு சாரார் தினசரி நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்று எழுதினார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் முதல் சாராரில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. ஏதோ எழுதியதால் சுறுசுறுப்பு வந்து அதிகமாக மனு போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரு சாராரும் ஏறக்குறைய அதே அளவு மனுதான் போட்டிருந்தார்கள், அதே அளவு இன்டர்வியூதான் போயிருந்தார்கள். பிறகு எதில் வித்தியாசம்? பழைய முதலாளி மேலிருந்த கோபத்தை மற்றவர்கள் இன்டர்வியூ அறைக்குள்ளும் கொண்டுபோயிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ‘ஏன் சார் அங்கிருந்து வந்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே, முகம் சிவந்துவிடுமே! எழுதியவர்களும் தோற்றவர்கள்தான், போன வேலை அவர்களுக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் போனது போனதாக அவர்களுக்குள் பதிந்துவிட்டது.

எழுத்தில் எது இந்த வேலையைச் செய்கிறது? பென்னபேக்கர் ஒரு கணினி நிரல் எழுதவைத்து, மக்கள் எழுதிக்கொடுத்த பக்கங்களில் இருந்த சொற்களை எண்ணச் செய்தார். ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் முதல் நாளில் குறைவாகவும் போகப்போக அதிகமாகவும் வந்தவர்களுக்கு நன்மை கூடுதல். முதல் நாளே கோர்வையான கதையோடு வந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. அது ஏற்கெனவே பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி மெருகேறின கதை, எழுதும்போது புதிதாக ஒன்றும் நடக்காது.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். யாருடைய நோட்டும் இல்லை, நானாகக் கட்டியது. ஒருவருக்குச் சொத்துத் தகராறு. முதல் நாள் எழுதுகிறார்:

‘அண்ணன் துரோகி. அப்பா கட்டின வீட்டை முழுசா முழுங்கிட்டான். அம்மாவும் அவன் பக்கம். எனக்குன்னு யாரும் இல்லை.’

இரண்டாம் நாள்: ‘விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச்சொல்லி அவன்தான் போன் பண்ணினான். நான் திருப்பூரிலிருந்து லீவு போட்டுப் போனேன். படித்துப் பார்க்காமல் போட்டேன். ஏனென்றால், கேட்டால் சண்டை வரும் என்று பயம். பாகம் அப்புறம் தருவான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தருகிறேன் என்று அவன் சொன்னானா? யோசித்துப் பார்த்தால், சொல்லவில்லை.’

மூன்றாம் நாள்: ‘அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போவது அவனும் அண்ணியும். அதற்காக என் பங்கு அவனுக்குப் போய்விடாது. ஆனால் அவன் மனசில் அந்தக் கணக்கு ஓடியிருக்கும். என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.’

நான்காம் நாள்: ‘வக்கீலைப் பார்ப்பதா வேண்டாமா என்று பொங்கல் கழித்து முடிவு பண்ணலாம். என்னை அறுப்பது வீடு இல்லை. எனக்காக அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையே, அதுதான்.’

கவனித்தீர்களா? அண்ணன் செய்தது நியாயம் என்று இவர் எங்குமே எழுதவில்லை. மன்னிக்கவும் இல்லை. வக்கீல் வீட்டுக்குப் போகும் வழியும் அடைபடவில்லை. ஆனால் முதல் நாள் தாளில் இருந்தது ஒரு வசவு. நான்காம் நாள் தாளில் இருப்பது நிலவரம். ‘துரோகி’ என்ற சொல் இரண்டாம் நாளே போய்விட்டது; அந்த இடத்தில் போன் பண்ணினான், கையெழுத்துப் போட்டேன் என்று வினைச்சொற்கள் வந்துவிட்டன. யதார்த்தத்தை ஏற்றுக்கொள் என்று நாம் அடுத்தவருக்குச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எதை ஏற்றுக்கொள்வது? இவர் வீடு போனதை ஏற்றுக்கொள்ளத் தவித்துக்கொண்டிருந்ததாக நினைத்தார். ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது அம்மாவின் மௌனத்தை. அது நான்காம் நாள்தான் அவருக்கே தெரிந்தது.

இந்த இடத்தில் சி. எஸ். லூயிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு நார்னியா கதைகளை எழுதினாரே, அவர்தான். இங்கிலாந்தில் இலக்கியப் பேராசிரியர், கிறிஸ்தவ சமயத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவர். மனிதன் ஏன் வலியை அனுபவிக்க வேண்டும், கடவுள் அதை ஏன் விட்டுவைத்தார் என்று 1940-லேயே ஒரு புத்தகம் எழுதிப் பதில் சொல்லியிருந்தார். நன்றாக வாதிட்ட புத்தகம். பிறகு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளரை மணந்தார். அந்த அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய். 1960 ஜூலையில் இறந்துபோனார்.

வீட்டில் எழுதாமல் கிடந்த நோட்டுகளை எடுத்து லூயிஸ் எழுத ஆரம்பித்தார். இருபது வருஷத்துக்கு முன் எழுதிய அந்தப் பதில் எதுவும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆரம்பப் பக்கங்களில் கடவுளோடு சண்டை. கடவுள் இல்லையோ என்ற பயம்கூட இல்லை. இருக்கிறார், ஆனால் கொடுமைக்காரராக இருப்பாரோ என்ற பயம். ஒரு சமயப் பேச்சாளர் தன் கைப்பட எழுதக்கூடிய வரிகளா அவை? எழுதினார். அடுத்த நாள் அதே நோட்டைப் புரட்டி, நேற்று நான் எழுதியது யோசனை இல்லை, கத்தல் என்று தன்னையே மறுத்து எழுதினார். பின்னால் புத்தகமாக வந்த அந்த நோட்டுகளின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வாதியும் அவரே, வாதத்தைப் படித்துப் பார்க்கிறவரும் அவரே. மனசுக்குள் மட்டும் நடந்திருந்தால் நேற்றைய வாதம் இன்றைக்குக் கையில் இருக்காது. மனசு அதைத் தனக்கு வசதியாக மாற்றியிருக்கும். தாள் மாற்றாது.

நான்காவது நோட்டோடு நிறுத்திவிட்டார். இதற்காகப் புது நோட்டு வாங்கப் போவதில்லை என்று தனக்குத்தானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டார். துக்கம் தீர்ந்ததால் நிறுத்தவில்லை. துக்கத்தை ஒரு வரைபடம் மாதிரி வரைந்து முடித்துவிடலாம் என்று நினைத்து ஆரம்பித்தவருக்கு, அது முடியவே முடியாத ஒரு சரித்திரம், எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று புரிந்தது. அந்த நோட்டுகளை 1961-இல் என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் புத்தகமாக வெளியிட்டார். எழுதியது யார் என்று தெரியாத நண்பர்கள், ‘உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், படித்துப் பாருங்கள்’ என்று அந்தப் புத்தகத்தை அவருக்கே சிபாரிசு செய்தார்களாம். 1963-இல் அவர் இறந்த பிறகுதான் சொந்தப் பெயரில் வந்தது.

தன்னைத் தானே கூப்பிட்டு வைத்துப் பேசுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பொருள் தேடிப் புறப்பட்ட சங்கத் தலைவன் பாதி வழியில் நின்று, ‘நெஞ்சே’ என்று தன்னிடமே வழக்காடுகிறான். திருக்குறளில் 125-ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல், 130-ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல். திரும்பி வராதவன் பின்னாலேயே போகும் தன் நெஞ்சை ஒருத்தி நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள். நம்மாழ்வாரும் பட்டினத்தாரும் நெஞ்சை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு பாடியிருக்கிறார்கள். வகுப்பில் இதையெல்லாம் இலக்கிய உத்தி என்று சொல்லி நடத்தினோம். அது வெறும் உத்தி இல்லை போலிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் கிராஸ் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், திடீரென்று மேடையேறிப் பேசச் சொல்லப்பட்டவர்களைப் பார்த்தார். ‘நான் ஏன் பயப்படுகிறேன்’ என்று நினைத்தவர்களைவிட, தன் பெயரையே சொல்லி ‘நீ ஏன் பயப்படுகிறாய்’ என்று கேட்டுக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைவு. ஆகவே ‘நான், நான்’ என்று எழுதி மூச்சு முட்டினால், ஒரு நாள் ‘நீ’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு நாம் காட்டும் இரக்கமும் நிதானமும் அப்போது நமக்கும் கிடைக்கிறது.

இனி, எச்சரிக்கை. 2006-இல் ஜோஆன் ஃப்ரட்டரோலி 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். பலன் உண்டு, ஆனால் சிறியது என்றுதான் முடிவு வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு நோட்டை எடுக்கச் சொல்லி யாராவது எழுதியிருந்தால் அது பொறுப்பில்லாத பேச்சு. 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. அரிசோனாவில் டேவிட் ஸ்பாரா குழுவினர், புதிதாக மணவாழ்க்கை முறிந்தவர்களை எழுதவைத்தார்கள். ‘ஏன் இப்படி ஆச்சு, ஏன் இப்படி ஆச்சு’ என்று ஏற்கெனவே குடைந்துகொண்டிருந்தவர்களுக்கு மனம் திறந்து எழுதியது உதவவில்லை. அவர்களில் உணர்ச்சியைத் தொடாமல் அன்றன்றைய நேரக்கணக்கை மட்டும் எழுதியவர்களே பல மாதம் கழித்து மேலான நிலையில் இருந்தார்கள். காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், பஸ் பிடித்தேன் என்று எழுதியவர்கள்! உடைந்து கிடக்கும் மனசுக்கு முதலில் வேண்டியது அர்த்தம் இல்லை, ஒழுங்கு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எனவே சாவு விழுந்த வீட்டில் மறுநாளே பேனாவைக் கையில் கொடுக்காதீர்கள். சில வாரமாவது போகட்டும். ஒரு விஷயத்தைத் தொட்டால் தாங்காது என்று தோன்றினால் அதை எழுத வேண்டாம். பென்னபேக்கரே அப்படித்தான் சொல்கிறார். மூன்று நான்கு நாள் எழுதிய பிறகும் அதே வசவு, அதே வரிசையில் வந்துகொண்டிருந்தால் நோட்டை மூடிவிட்டு நடக்கப் போங்கள். தூக்கமே இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் எழுத்து அதற்கு வைத்தியம் ஆகாது, மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எழுதும்போது ஒற்றுப்பிழை பார்க்காதீர்கள். இதை ஒரு தமிழ் வாத்தியாரே சொல்கிறேன். அழகாக எழுதவும் முயற்சி செய்யாதீர்கள். அழகாக வந்தால் யாரோ படிக்கப் போகிறார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பொடிவைத்து எழுதுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சம்பந்தப்பட்டவர் பார்க்க வேண்டும் என்று எழுதுவது.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: ‘சார், கூட்டுக்குடும்பம். பீரோ சாவி மாமியாரிடம், போன் பாஸ்வேர்டு பிள்ளைகளுக்குத் தெரியும். எழுதி எங்கே வைக்கிறது?’ நியாயமான கேள்வி. எழுதச் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் தனி அறையும் மேசையும் உள்ளவர்களை நினைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அம்மா, வைக்கவே வேண்டாம். சோதனைகளில் எழுதியவர்களும் தங்கள் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் படித்துக் குணமாகவில்லை; எழுதினதோடு சரி. பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதுங்கள். நாலு நாளும் எழுத முடிந்தால், நேற்றைய தாளை இன்றைக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்பில் போடுங்கள். கேஸ் அடுப்பு என்றால் நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடாமல், தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். குப்பைக்கூடையைக் கிளறுகிறவர்களும் வீட்டில் இருப்பார்கள்.

நூலகத்தை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதுவரை யாருக்காவது கேள்வி இருந்தால் கேளுங்கள். மைக் வேண்டாம், பக்கத்தில் வந்தே கேட்கலாம்.